படப் பெயரில் வந்த கேமை வாங்கும் முன்

ஓகஸ்ட் லீவு தொடங்கிவிட்டால் என் கடைக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "அண்ணை, இந்தப் படத்தின்ர கேம் வந்திருக்காம். நல்லதோ?" கேட்கிறவன் விசுவமடுவிலிருந்தோ தர்மபுரத்திலிருந்தோ முல்லைத்தீவு வீதி பஸ்ஸில் ஏறி, பரந்தன் சந்தியில் இறங்கி வந்திருப்பான். சட்டைப் பையில் மடித்த காசு இருக்கும். கச்சான் தோட்டத்தில் நின்ற கூலியாக இருக்கும், அல்லது வெளிநாட்டு மாமா பிறந்தநாளுக்கு அனுப்பியதாக இருக்கும். அந்த வருடம் முழுவதற்கும் அவன் வாங்கப்போகிற ஒரே டிஸ்க் அதுவாகவும் இருக்கலாம். வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அவனை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. 2011 முதல் மணித்தியாலக் கணக்கில் கேம் விளையாடக் கொடுக்கிற கடை நடத்துகிறேன். படங்களின் பெயரில் வந்த கேம்களைச் சோதிக்க நானே பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கைக்கு வந்த கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறை அங்கிருந்துதான் வந்தது.

2005. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது. ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் எங்கள் விசுவமடு வீட்டுக்கு வந்தபோது ரீவியில் பூட்டிக் கேம் விளையாடுகிற பிளேஸ்டேசன் 2 பெட்டி ஒன்றும் ஸ்பைடர்மான் 2 டிஸ்க்கும் கொண்டுவந்தார். எனக்கு 15 வயது. கனடாப் பெட்டி 110 வோல்ட்டில் ஓடுவது என்பதால் ஒரு ட்ரான்ஸ்போமரையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் வீட்டில் கறண்ட் இல்லை. கலியாண வீடுகளில் படம் ஓட வாடகைக்கு எடுக்கிற ஜெனரேற்றரை எடுத்து முற்றத்தில் வைத்து இழுத்தோம். ரீவியில் படம் வந்தது, கலர் வரவில்லை. வட அமெரிக்கப் பெட்டி அனுப்புகிற கலர் முறை என்டிஎஸ்சி. எங்கள் பழைய ரீவிக்குத் தெரிந்தது பிஏஎல் மட்டும். அதனால் நியூயோர்க் நகரம் முழுவதும் கறுப்பு வெள்ளை. ஸ்பைடர்மானின் சிவப்பும் நீலமும் இரண்டு விதச் சாம்பலாகத் தெரிந்தன.

அப்படியிருந்தும், முதல் வலையை எறிந்து ஆடியபோது எனக்கு வயிறு கூசியது. சித்திரை வருசத்துக்குப் புளியமரத்தில் கட்டுகிற ஊஞ்சலை உழக்கி உழக்கி உச்சிக்குப் போனால் கயிறு ஒரு கணம் தளரும். அப்போது வயிற்றுக்குள் ஓடுமே ஒரு கூச்சம், அதே கூச்சம் பெருவிரல் வழியாக வந்தது. ஆட்டத்தின் அடியில் வேகம் உச்சத்தில் இருக்கும்போது விட்டால் தூரமாகப் போனேன். மேலே ஏறும்போது விட்டால் உயரமாகப் போனேன். பிழையான நேரத்தில் விட்டால் தெருவில் விழுந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஊஞ்சல் ஏற்கனவே சொல்லித்தந்திருந்தது.

காரணத்தைப் பல வருடம் கழித்து வாசித்துத்தான் அறிந்தேன். ட்ரேயார்க் என்ற நிறுவனம் 2002இல் முதலாவது ஸ்பைடர்மான் படத்துக்குச் செய்த கேமில் வலை வானத்தில் போய் ஒட்டும். மேலே கட்டடம் இருக்கிறதா என்று பார்க்காது. 2004இல் அதே நிறுவனம் வலையை உண்மையான கட்டடத்தில் ஒட்டவைத்து, ஊசலின் கணக்கின்படியே ஆளை ஆடவைத்தது. படத்தில் பார்த்து நாம் ஏங்கிய ஒரு செயல் அப்படியே கைக்கு வந்தது. அந்தக் கேமில் குறை இல்லாமல் இல்லை. சிறுபிள்ளை கைவிட்ட பலூனைப் பிடித்துக் கொடு, பீட்சாவைக் கொண்டுபோய்க் கொடு என்று ஒரே வேலைகள் திரும்பத் திரும்ப வந்து அலுக்கும். ஆனால் வேலைக்குப் போகிற வழி இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

2009இல் போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, தறப்பாள் கொட்டில் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்று மணலில் எழுதிக் காட்டுவேன். கடை தொடங்கிய பிறகு, படக் கேம்களை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது. தரம் குறைந்த படக் கேம் படத்தின் பெயர்ச்சொற்களைத் தூக்கிக்கொண்டு வருகிறது: நாயகனின் முகம், உடுப்பு, கார், வில்லனின் பெயர், இசை. நல்ல கேம் வினைச்சொல்லைக் கொண்டுவருகிறது.

ஆகவே முதல் வேலை இது. கேமைப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு கடுதாசியில் படத்தின் வினைச்சொல் ஒன்றை எழுதுங்கள். ஒன்று மட்டும். அந்தப் படத்தில் அந்த ஆள் செய்கிற எந்த வேலையை நீங்களும் செய்து பார்க்க ஆசைப்பட்டீர்கள்? ஸ்பைடர்மான் என்றால் ஊசலாடுதல். ஏலியன் என்றால் ஒளிந்திருத்தல். த லோர்ட் ஒஃப் த றிங்ஸ் இரண்டாம் படம் என்றால் தாக்குப்பிடித்தல். "சண்டை பிடித்தல்" என்று எழுதினால் அழித்துவிட்டு இன்னொரு தடவை யோசியுங்கள். எல்லாப் படத்திலும் சண்டை இருக்கிறது. அந்த ஆள் மட்டும் பிடிக்கிற சண்டை எப்படிப்பட்டது என்பதுதான் வேண்டும்.

எழுதிவிட்டுக் கேமைப் பாருங்கள். அந்த லோர்ட் ஒஃப் த றிங்ஸ் இரண்டாம் படத்துக்கு 2002இல் வந்த டூ டவர்ஸ் கேமில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சுவரில் நிற்கிறீர்கள். எதிரிகள் ஏணி சாத்துகிறார்கள், நீங்கள் ஓடி ஓடி ஏணிகளை உதைத்துத் தள்ளுகிறீர்கள். ஒன்றைத் தள்ளும்போது மற்றப் பக்கத்தில் இன்னொன்று. அதுதான் தாக்குப்பிடித்தல். 2014இல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி செய்த ஏலியன்: ஐசோலேசன் கேமில் ஆட்களை வேட்டையாடுகிற அந்த வேற்றுலக மிருகத்தை நீங்கள் கொல்லவே முடியாது. அலுமாரிக்குள் நின்று மூச்சை அடக்க வேண்டும். 1979இல் வந்த படத்தின் பயத்தை 35 வருடம் கழித்து அப்படியே கைக்குக் கொண்டுவந்தார்கள். 2005இல் மிஷேல் அன்செல் தலைமையில் யூபிசொஃப்ட் செய்த கிங் கொங் கேமில் திரையில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு இல்லை, குண்டு எண்ணிக்கை இல்லை. எத்தனை குண்டு மிச்சம் என்று அந்த ஆளே வாயால் சொல்லுவான். காட்டுக்குள் தொலைந்துபோனவனுக்கு முன்னால் எண்கள் மிதக்காதுதானே. அந்தக் கேமை விளையாடும்போது என் கடைப் பெடியள் சத்தம் போடமாட்டார்கள், காதைக் கொடுத்துக் கேட்பார்கள்.

எங்கள் பக்கத்துப் படம் ஒன்றையும் சொல்லுகிறேன். கஜினி. சூர்யா நடித்த தமிழ்ப் படம் 2005இல் வந்தது. 2008இல் முருகதாஸ் அதை ஆமீர் கானை வைத்து ஹிந்தியில் எடுத்தபோது, ஹைதராபாத்தின் எஃப்எக்ஸ்லாப்ஸ் நிறுவனம் கொம்பியூட்டருக்கு ஒரு கேமும் செய்தது. இந்தியாவிலிருந்து அப்படி ஒன்று வந்ததே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அந்தப் படத்தின் வினை என்ன? மறத்தல். 15 நிமிடத்துக்கு மேல் நினைவு தங்காத ஒருவன் உடம்பிலும் படங்களிலும் எழுதிவைத்துப் பழிவாங்கப் போகிறான். கேமோ அடிதடிக் கேமாக வந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒருதடவை வரைபடம் அழிந்து, நாம் எழுதிவைத்த குறிப்பு மட்டும் மிஞ்சினால் எப்படி இருந்திருக்கும்! அப்படி ஒரு கேமைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

திகதிகளைப் பாருங்கள்

இரண்டாவது வேலைக்கு இரண்டு திகதி போதும். படம் வந்த நாள், கேம் வந்த நாள். இரண்டும் ஒரே கிழமைக்குள் இருந்தால் உசாராகுங்கள். படத்தின் திகதியைக் கேம் செய்கிறவர்கள் தள்ளிவைக்க முடியாது. வேலை முடியாவிட்டால் வேலையைத்தான் வெட்டுவார்கள்.

இதற்கு எல்லாரும் சொல்லுகிற உதாரணம் ஈ.ரி. ஸ்பீல்பெர்க்கின் படம் 1982 யூனில் வந்தது. அட்டாரி நிறுவனம் அதற்குக் கேம் செய்ய உரிமை வாங்கி முடிக்கவே யூலை கடந்தது, நத்தாருக்குக் கடைக்கு வரவேண்டும். ஹொவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற ஒரே ஆளிடம் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து கிழமை. விளையாடியவர்கள் குழிக்குள் விழுந்தார்கள், கழுத்தை நீட்டி மெல்ல மேலே வந்தார்கள், திரும்பவும் விழுந்தார்கள். விற்காத கசற்றுகளை 1983இல் நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ ஊரில் குப்பை மேட்டில் புதைத்தார்கள்; 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்துப் பார்த்தபோது அவை அங்கேதான் இருந்தன. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே மனிதர் அதே வருடம் யார்ஸ் ரிவெஞ்ச் என்ற கேமைச் செய்தவர். அட்டாரிப் பெட்டிக்கு வந்த நல்ல கேம்களில் அது ஒன்று. கை நல்ல கைதான். நேரம் கொடுக்கவில்லை.

மறுபக்கம் கோல்டன்ஐ. ஜேம்ஸ் பொண்ட் படம் 1995 நவம்பரில் வந்தது, நின்டென்டோ 64 கேம் 1997 ஓகஸ்டில் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடப் பிந்தல். படத்தின் சூடு ஆறிப்போன பிறகு வந்தும் 80 இலட்சத்துக்கு மேல் விற்றது. செய்தவர்கள் ரேர் நிறுவனத்தில் ஒரு சின்னக் குழு, மார்ட்டின் ஹொலிஸ் தலைமை; அந்தக் குழுவில் பலருக்கு அதுதான் முதல் கேம். பொண்டின் வினை என்ன? சத்தமில்லாமல் உள்ளே போதல். அதில் நீங்கள் சத்தமாகச் சுட்டால் பக்கத்துக் காவலாளிகளுக்குக் கேட்கும். எச்சரிக்கை மணியை அடிக்க ஓடுவார்கள். கடினமான நிலையைத் தெரிவுசெய்தால் எதிரியோடு வேலையும் கூடும்: இன்னொரு ஆவணத்தை எடு, இன்னொரு கணினியை முடக்கு. நாலு பேர் ஒரே திரையில் ஆடுகிற பகுதியைக் கடைசி மாதங்களில்தான் சேர்த்தார்கள். நேரம் இருந்தபடியால் சேர்க்க முடிந்தது.

ஆனால் திகதியை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், சந்தேகப்பட மட்டும் வையுங்கள். நான் மேலே புகழ்ந்த ஸ்பைடர்மான் 2 படமும் கேமும் 2004 யூன் கடைசியில் ஒன்றாகவே வந்தவை. றிடிக் படமும் அதன் எஸ்கேப் ஃபுரொம் புச்சர் பே கேமும் அதே மாதம் வந்தன. அந்தக் கேமைப் படத்தைவிட மேல் என்று சொல்லுகிறவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன். அதைச் செய்த ஸ்டார்பிரீஸ் குழு படத்தின் கதையைத் தொடவில்லை. படத்துக்கு முந்திய ஒரு சிறைக் கதையை எடுத்து, இருட்டில் பதுங்குதல் என்ற ஒரு வினையில் முழுக் கவனத்தையும் வைத்தார்கள். ஆகவே திகதி நெருக்கமாக இருந்தால் அடுத்ததாக, கேம் படத்தின் கதையையே திரும்பச் சொல்லுகிறதா, தன் கதையைச் சொல்லுகிறதா என்று பாருங்கள். தன் கதை என்றால் எனக்குப் பாதிச் சந்தேகம் குறைந்துவிடும்.

எந்தப் பெட்டிக்கு வந்தது?

இதில் நான் காசு இழந்திருக்கிறேன். 2012இல் கடைக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கினேன். ஸ்பைடர்மான் 2 கொம்பியூட்டருக்கும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வவுனியாவில் ஒரு கடையில் வாங்கி வந்தேன். பஸ் முறிகண்டியில் நின்றபோது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கொறித்தபடி அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தது நினைவிருக்கிறது. பிளேஸ்டேசன் கேமின் அதே படம், அதே பெயர், அதே எழுத்து. வீட்டில் போட்டால் உள்ளே இருந்தது வேறு கேம். கொம்பியூட்டர் வடிவத்தை வேறொரு நிறுவனம் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் செய்திருக்கிறது. நான் சுமந்துவந்த அந்த ஊஞ்சல் அதில் இல்லை.

படக் கேம்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரே நாளில் எல்லாப் பெட்டிக்கும் வரவேண்டும் என்பதால் வேலையைப் பிரித்துப் பல நிறுவனங்களிடம் கொடுப்பார்கள். 2007இன் ஸ்பைடர்மான் 3, பிளேஸ்டேசன் 2க்கு ஒரு நிறுவனமும் பிளேஸ்டேசன் 3க்கு இன்னொரு நிறுவனமும் செய்தது. ஆகவே "அந்தக் கேம் நல்லம்" என்று ஒருவர் சொன்னால் "எந்தப் பெட்டியில விளையாடினீங்கள்?" என்று கேளுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் கீழே பொடி எழுத்தில் செய்தவர்களின் பெயர் இருக்கும். முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் வெளியிட்டவரின் பெயர். பின்பக்கப் பெயரைப் போனில் தேடி, அவர்கள் முன்னர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

விளம்பர வீடியோவை நம்பவேண்டாம். 2013இல் வந்த ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ் கேமுக்கு முன்னர் காட்டிய காட்சி ஒரு தரத்திலும், விற்பனைக்கு வந்த கேம் வேறு தரத்திலும் இருந்ததென்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அதில் மிருகங்கள் சுவரோடு முட்டிக்கொண்டு புத்தியில்லாமல் நிற்கும். 2018இல்தான் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை இருப்பது தெரியவந்தது: கட்டிவைக்கிற கயிற்றைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துக் கூட. அந்த ஓர் எழுத்தை நீக்கினால் மிருகங்கள் முன்னைவிடப் புத்தியாக நடக்கின்றன. ஆறுதலாக இருந்து சரிபார்க்க ஒருவருக்கு நேரம் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

வீடியோ பார்ப்பதென்றால், யாரோ ஒருவர் பேசாமல் விளையாடிய நீளமான வீடியோ ஒன்றை எடுத்து, தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து பத்து நிமிடம் பாருங்கள். தொடக்கம் எல்லாக் கேமிலும் அழகாகத்தான் இருக்கும்.

கையில் எடுத்த பிறகு

கடைக்குப் புதிய கேம் வந்தால் பெடியளுக்குக் கொடுக்கும் முன் நான் முக்கால் மணித்தியாலம் தனியே இருப்பேன். போனில் நேரம் வைத்துக்கொள்வேன்.

முதலில் ஒரு திறந்த இடத்தில் நின்று நடப்பேன், திரும்புவேன், ஓடுவேன், குதிப்பேன். பிறகு மூலைக்குள் போய்ச் சுவரோடு முதுகை வைத்துக் கமெராவை, அதாவது கேம் நமக்குக் காட்டுகிற பார்வையை, சுற்றுவேன். அவசரமாகச் செய்த கேம் மூலையில்தான் பிடிபடும்: கமெரா சுவருக்குள் போகும், ஆள் மறையும், எதிரி எங்கே என்று தெரியாது. பிறகு கடுதாசியில் எழுதிய வினைச்சொல்லை எடுப்பேன். அந்தச் செயலை இருபது தடவை செய்வேன், எதிரி ஒருவரும் இல்லாத இடத்தில், பரிசு எதுவும் கிடைக்காமல். இருபத்தோராவது தடவை செய்ய விரல் தானாகப் போகிறதா? போனால் மற்றக் குறைகளில் பலவற்றை மன்னிப்பேன். போகாவிட்டால் எத்தனை நடிகர்களின் குரல் இருந்தாலும் எனக்குப் பெரிதில்லை.

அந்த முக்கால் மணித்தியாலத்தில் கொன்ரோலர் மடியில் சும்மா கிடந்த நிமிடங்களை எண்ணுங்கள். படக் கேம்களின் பெரிய நோய் இது. விளையாட்டை நிறுத்திவிட்டுப் படம் காட்டும். 2003இல் வந்த என்ரர் த மற்றிக்ஸ் கேமுக்காகவே, மற்றிக்ஸ் படங்களை எடுத்த வச்சோவ்ஸ்கிகள் அசல் நடிகர்களை வைத்துச் சுமார் ஒரு மணித்தியாலப் படம் எடுத்தார்கள். படத்தோடு ஒரே நாளில் வந்தது, இலட்சக் கணக்கில் விற்றது. அந்தக் காட்சிகளைப் பார்க்க எனக்கு விருப்பம்தான். ஆனால் அவற்றுக்கு இடையில் கைக்கு வந்தது முழுமையாக முடிக்காத வேலை. என் கணக்கில் முக்கால் மணித்தியாலத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கை சும்மா இருந்தால் அந்தக் கேமைக் கடைக்கு எடுப்பதில்லை.

எழுத்தை வாசிக்காமல் விளையாடிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கில வசனம் ஓடுகிற வேகத்தில் வாசிக்க வராது. அவர்களும் காசு கொடுத்துத்தான் விளையாடுகிறார்கள். ஏறக்கூடிய இடம் ஏறக்கூடியது போலத் தெரிந்து, பயப்பட வேண்டிய இடம் சத்தத்தாலேயே பயப்படுத்தினால் எழுத்தே தேவையில்லை. 2005இல் வந்த லெகோ ஸ்டார் வோர்ஸ் கேமில் பாத்திரங்கள் ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். முழுக்கதையையும் கையசைவிலும் முகத்திலும் சொல்லுவார்கள். அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காத ஏழு வயதுப் பிள்ளை என் கடையில் அதை முடித்தது. படம் பார்க்காத ஒருவரிடம் கேமைக் கொடுத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. படத்தின் மேல் ஆசை உள்ளவன் கேமின் குறையைத் தன் நினைவால் நிரப்பிக்கொள்வான். அவனை அறியாமலே செய்வான்.

பிறகு வேண்டுமென்றே தோற்றுப்போங்கள். மூன்று தடவை. தோற்ற இடத்துக்குத் திரும்பிவர எத்தனை நிமிடம்? பார்த்த காட்சியைத் திரும்பப் பார்க்கவைக்கிறதா? நான் ஏன் தோற்றேன் என்று எனக்கு விளங்குகிறதா? விளங்கினால் திரும்ப முயற்சிக்க மனம் வரும். விளங்காவிட்டால் கொன்ரோலரை எறிகிறார்கள். உடைந்த கொன்ரோலர் எந்தக் கேமில் உடைந்தது என்று என் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று, கறண்ட். கொழும்பிலிருந்து எழுதுகிறவர்கள் இதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள். எங்களுக்கு மழைக்காலத்தில் ஒரு கிளை முறிந்தால் போதும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். ஆகவே கேம் எங்கே, எத்தனை நிமிடத்துக்கு ஒருதடவை சேமிக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். நேரே சொன்னால், கறண்ட் போனால் எத்தனை நிமிடம் அழியும்? பத்து நிமிடத்துக்குள் என்றால் சரி. இதிலும் கண்ணை மூடிக்கொண்டு தீர்க்கக்கூடாது. ஏலியன்: ஐசோலேசனில் சுவரில் பூட்டிய போன் போன்ற கருவி இருக்கிற இடத்தில் மட்டும்தான் சேமிக்கலாம். அதற்கு முன்னால் நின்று காத்திருக்கிற சில விநாடியிலும் மிருகம் வந்து பிடிக்கலாம். அது பயத்தைக் கூட்டுவதற்காகத் தெரிந்தே செய்தது, அந்தக் கேமின் வினையோடு சேர்ந்து நிற்கிறது. அதை வாங்கினால், கறண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு வாங்கில் இரண்டு பேர் இருந்து விளையாட முடிகிற கேமுக்கு நான் கூடுதலாக மதிப்புக் கொடுப்பேன். லோர்ட் ஒஃப் த றிங்ஸ் மூன்றாம் படத்துக்கு 2003இல் வந்த ரிட்டர்ன் ஒஃப் த கிங் கேமை அண்ணனும் தம்பியும் சேர்ந்து விளையாடலாம். பெருநிலப் போர் வயலில் முதுகோடு முதுகு வைத்து நிற்கலாம். ஒரு டிஸ்க்கில் இரண்டு பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் அந்தக் காசுக்கு இரட்டிப்புப் பயன்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு பிழைத்த நாட்கள் உண்டு. அதைத் திருத்துவது இரண்டாவது மணித்தியாலம். முதல் மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்கவைப்பது படத்தின் பெயர். இரண்டாவதற்குக் காசு கொடுக்கவைப்பது கேம். கொப்பியில் ஒவ்வொரு கேமுக்கும் எத்தனை பேர் இரண்டாவது மணித்தியாலம் கேட்டார்கள் என்று கோடு போட்டு வைக்கிறேன். புதுப்படம் ஓடுகிற கிழமையில் நிறைந்து, அடுத்த மாதம் ஒருவரும் தேடாத கேம்கள் அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வீட்டில் விளையாடுகிறவர்கள் இதை மறுநாளோடு ஒப்பிடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை தானாகப் போய் அந்த டிஸ்க்கைப் போடுகிறதா என்று பாருங்கள். ஒன்றும் கேட்கவேண்டாம், கேட்டால் வாங்கித்தந்தவருக்காக "நல்லம்" என்றுதான் சொல்லும்.

போன் கேம்களைப் பற்றிச் சுருக்கமாக. பாகுபலி, தூம் 3 என்று படங்களுக்குப் போனில் கேம் வந்திருக்கின்றன. இறக்குவதற்குக் காசு இல்லை என்பதால் சோதனை வேறு. காத்திருக்கச் சொல்லி மணிக்கூடு காட்டுகிறதா, காத்திருக்காமல் இருக்கக் காசு கேட்கிறதா, டேற்றாவை நிறுத்திவிட்டால் ஓடுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஓடாவிட்டால் அது உங்கள் டேற்றாவில்தான் உயிர்வாழ்கிறது. பிள்ளையின் போனில் காசு கட்டுகிற வழியை முதலே அடைத்துவிடுங்கள்.

டிஸ்க்காக வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு விடயம். இப்போது பெரிய கேம்கள் 50 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். டிஸ்க் வாங்கினாலும் இன்னும் எவ்வளவு இறக்க வேண்டும் என்று முன்னமே கேளுங்கள், எங்கள் பக்கத்து வேகத்தில் அது மூன்று இரவு. மற்றது, கடைக்காரரிடம் பத்து நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கொன்ரோலரைக் கையில் வாங்கி, நேரே ஒரு மூலைக்குள் போய்க் கமெராவைச் சுற்றுங்கள், பிறகு கடுதாசியில் எழுதிய வேலையைச் செய்யுங்கள். போட்டுக்காட்ட வசதியில்லை என்றால், மூன்று நாளைக்குள் மாற்றித்தருவதாகப் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லாமல் நான் எதையும் பஸ்ஸில் ஏற்றுவதில்லை.